டிரெய்லரின் மின் பிளக்கை 4 பின்னுக்கு மாற்றியிருக்கிறேன்; ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் சக்கரம் இறுகுவது ஏன்?
பெரும்பாலும் ரிவர்ஸ் சோலினாய்டு என்ற மின் வால்வுக்கு மின்சாரம் போகவில்லை. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையால் தானே பிடிப்பது சர்ஜ் பிரேக்; அதற்கு முன்னும் பின்னும் தெரியாது. டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போதும், அதை வண்டியோடு இணைக்கும் கப்ளர் உள்ளே அமுங்கும், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் உங்கள் டிஸ்க் பிரேக்குக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் சோலினாய்டின் வேலை.

4 பின் பிளக்குக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். அதில் ரிவர்ஸ் லைட்டுக்கான கம்பியே கிடையாது. 5 பின்னாவது வேண்டும்.

பிளக்கை மாற்றியபின், ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். சோலினாய்டு பக்கத்தில் ஒருவர் காது கொடுத்தால் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கம்பியில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் சத்தமில்லை என்றால் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம்தான் சோலினாய்டு மாற்றும் பேச்சு.

இறக்கத்தில் நிறுத்திய உடனே ரிவர்ஸ் போட்டால், சோலினாய்டு அடைத்துவிடுவதால், ஏற்கெனவே ஏறிய அழுத்தம் பிரேக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் முன்னே நகர்த்திவிட்டு எடுங்கள். சிலர் கப்ளர் அமுங்காதபடி அதில் ஒரு முளையைச் செருகிச் சமாளிப்பார்கள். சரி, அவசரத்துக்கு ஆகும். கழற்ற மறந்தால் சாலையில் டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது.