குளிருக்கு வீட்டில் விறகு அடுப்பு வைக்கப் போகிறேன். எந்த மாடல், எவ்வளவு பெரிது வாங்கலாம்?

நீங்கள் கேட்பது சமையல் அடுப்பை இல்லை, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பை என்று எடுத்துக்கொள்கிறேன். நாலைந்து மாடல் பார்த்து வைத்திருப்பீர்கள். "எதற்கும் இருக்கட்டும், கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கும். 6 வருடத்துக்கு முன்னால் எனக்கும் அதுதான் ஓடியது. பெரிதாகவே வாங்கினேன். இரண்டாவது குளிர்காலத்தில் புகைபோக்கிக்குள் தீப்பிடித்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் ஹால் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். அதாவது 50 கன மீட்டர். ஓரளவு குளிர் புகாமல் கட்டிய வீட்டுக்கு 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி எங்களுக்கு 4 கிலோவாட் தாராளம். நான் வாங்கியது 11. "பெரிய அடுப்பைக் குறைச்சு எரிச்சுக்கலாம் சார், சின்ன அடுப்பைப் பெரிசாக்க முடியுமா?" என்று விற்றவர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

நன்றாக எரியவிட்டால் அரை மணி நேரத்தில் ஹாலில் உட்கார முடியாது. ஆகவே காற்றுத் துவாரத்தை மூடி மூடி வைத்தோம். ராத்திரி கட்டைகளை நிறைய அடுக்கி, காற்றை ஏறக்குறைய முழுசாக அடைத்துவிட்டுப் படுப்போம். தவறு அங்கேதான். விறகு சூடேறும்போது வெளிவரும் வாயுக்கள் சுவாலை இருந்தால்தான் எரியும். சுவாலை இல்லாமல் புகைந்துகொண்டே இருந்தால் அவை எரியாமல் மேலே போய், குளிர்ந்த குழாயில் பட்டு, நீராவியோடு சேர்ந்து தாராகப் படியும். காலையில் கதவுக் கண்ணாடி கன்னங்கரேல் என்று இருக்கும். ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தோய்த்துத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். தினமும் துடைத்தேன். கண்ணாடியிலேயே இவ்வளவு என்றால் குழாய்க்குள் எவ்வளவு இருக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

விறகும் சரியில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்பில் போட அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கிவைத்தால் ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். "ஒரு வருஷம் காய்ஞ்சது" என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். பின்னால் ஈரமானி ஒன்று வாங்கி, மிச்சமிருந்த கட்டை ஒன்றின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தேன். 18 காட்டியது. அதே கட்டையைக் கோடாலியால் பிளந்து உள்முகத்தில் குத்தினேன். 31. நீங்கள் சோதிப்பதென்றால் பிளந்த புது முகத்தில்தான் குத்த வேண்டும்.

குழாய்க்குள் படிந்திருந்த அந்தத் தார் தீப்பிடித்த அன்று முதலில் கேட்டது சத்தம். குழாய்க்குள் பெருங்காற்று சுழல்வது போல ஓர் உறுமல். அப்புறம் குழாயின் மூட்டு மங்கலாகச் சிவக்க ஆரம்பித்தது. மனைவி குழந்தைகளைப் போர்வையோடு வெளியே கொண்டுபோனாள். நான் கதவும் காற்றுத் துவாரமும் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துகொண்டே வெளியே ஓடினேன். அந்த நேரத்தில் அடுப்புக் கதவைத் திறக்கவே கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. புகைபோக்கித் தீ 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் குழாயைக் கழற்றியபோது, அதற்கு நாலு விரல் தள்ளி இருந்த கூரை உத்தரம் ஒரு முழ நீளத்துக்குக் கரிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் கரி ஒட்டியது.

அந்தக் குழாய் ஒற்றைத் தகட்டுக் குழாய். அப்படிப்பட்டதை மரத்திலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், கூரைக்குள் கொண்டுபோகவே கூடாது. கூரையைத் தாண்டும் இடத்தில் நடுவில் வெப்பக்காப்பு அடைத்த இரட்டைச் சுவர்க் குழாய்தான் போட வேண்டும். இன்னொன்று: குழாய்த் துண்டுகளின் ஒடுங்கிய முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கும். எங்களுக்குத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருந்தார் வேலைக்காரர். முதல் வருடமே மூட்டில் பழுப்பாகக் கசிந்தது. கேட்டதற்கு "புதுக் குழாய் அப்படித்தான்" என்றார். கூரையில் அவர் போட்ட ஓட்டை வழியாக மழை ஒழுகியபோது மூன்று மாதம் போனை எடுக்கவில்லை. என்ன குழாய் போட்டேன், எப்படி மாட்டினேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதித் தரவில்லை. குளியலறைக் குழாய் மாற்ற வந்தவரும் இப்படித்தான், வயரிங் செய்தவரும் இப்படித்தான். கைக்காசைக் கொடுத்துவிட்டு நாம் ஏன் கெஞ்ச வேண்டும்? எழுதிக் கேட்டால் "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், நீங்கள் எழுதி வாங்குங்கள்.

விறகு எரிப்பதே தப்பு என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். புகையில் இருக்கும் நுண்துகள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால், பக்கத்து வீட்டு ஜன்னல் ஒட்டினாற்போல் இருந்தால் வைக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பனிப்புயலில் கரண்ட் போய் இரண்டு நாள் வராத வீட்டில் இருந்துகொண்டு பேசுகிறேன்.

ஆகவே முழுக்க விட்டுவிடவில்லை. இப்போது இருப்பது 4 கிலோவாட் அடுப்பு. குழாய் வளைவே இல்லாமல் நேராக வீட்டுக்குள்ளேயே ஏறிக் கூரைக்கு மேல் போகிறது. வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய் சீக்கிரம் குளிர்ந்துவிடும், புகையை மேலே இழுக்கும் வேகமும் குறையும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி உயரம், 10 அடிக்குள் கூரையில் எது இருந்தாலும் அதைவிட 2 அடி கூடுதல் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதன்படி வைத்தோம். அப்படியும் ஒரு நாள் கட்டை போடக் கதவைத் திறந்ததும் புகை ஹாலுக்குள் வந்தது. பார்த்தால் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது காற்றை வெளியே தள்ள, ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கியிருக்கிறது. அடுப்புக்கென்று வெளிக்காற்று வர ஒரு திறப்பு வைத்த பிறகு நின்றது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பற்றவைப்பதையும் மாற்றிக்கொண்டேன். பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே, உச்சியில் தீ. மேலிருந்து கீழே எரிந்து வரும்போது புகை குறைவாக வருகிறது. சாம்பலில் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே கல்தரையில் வைக்கிறேன். குளிர் தொடங்கும் முன் வருடா வருடம் புகைபோக்கியைத் துடைக்க ஆள் வருகிறார். போன முறை வந்தது ஒரு டப்பா உலர்ந்த கரித்தூள் மட்டும், தார் இல்லை.

நான் பொறியாளர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். மாடல் பெயர் இப்போது சொல்ல மாட்டேன். உங்கள் ஹாலின் நீளம், அகலம், உயரம், குழாய் எந்த வழியாக மேலே போகும் என்பதை எழுதுங்கள், பார்த்துவிட்டு எத்தனை கிலோவாட் என்று சொல்கிறேன்.