பரவைக்கடலுக்கு அறுபது மடங்கு வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். கழகத்திடம் 8×42 இருகண் நோக்கிகள் இரண்டு உள்ளன. மாரியில் வந்திறங்கும் பறவைகளை மாணவருக்குக் காட்டுவதற்காக ஒரு ஸ்பொட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்தி ஒரு கண்ணால் பார்க்கும் சிறு தொலைநோக்கி) வாங்கும்படி பழைய மாணவர்கள் ஒரு இலட்சம் ரூபா தந்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் பெரும்பாலானவை ‘வேட்டைக்கு உகந்தது’ என்ற விளம்பரத்துடன் வருகின்றன. 20–60×80 என்று ஒன்றும், அதைவிட மலிவாக 25–75×70 என்று ஒன்றும் கண்ணில் பட்டன. எண் கூடியதை வாங்குவது நல்லதா? நான் மூக்குக்கண்ணாடி அணிபவன்.

பதில்: எண் கூடியதை வாங்க வேண்டாம். 20–60×80 என்பதில் 20–60 என்பது எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பதையும், 80 என்பது பறவையின் பக்கம் இருக்கும் முன்வில்லையான பொருள்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கும். எமது கடனீரேரிக் கரைகளில் வெயில் ஏறிய பின்னர் முப்பது மடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தைக் காற்றே அனுமதிப்பதில்லை. ஆகவே 60 அல்லது 65 மில்லிமீற்றர் பொருள்வில்லையும், 15 முதல் 20 மடங்குக்குள் தொடங்கும் உருப்பெருக்கமும், சாய்ந்த பார்வைத்துண்டும் (கண்ணை வைக்கும் பகுதி) கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கையிலுள்ள தொகை முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிடாமல் கால்வாசிக்குக் குறையாமல் முக்காலிக்கு ஒதுக்கிவையுங்கள். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘வேட்டை’ விளம்பரத்தைப் பற்றி. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில், மலைச்சரிவில் தொலைவில் நிற்கும் மானின் கொம்பை மதிப்பிட்டு, அவ்வளவு தூரம் நடந்து போவது தகுமா என்று தீர்மானிப்பதற்கு இக்கருவி பயன்படுகிறது. இங்கே இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டிருப்பதால் அந்தப் பயன் எமக்கில்லை. ஆனாலும் கருவி ஒன்றுதான். வேட்டைக்கென விற்கப்படுவதற்கும் பறவை பார்ப்பதற்கென விற்கப்படுவதற்கும் ஒளியியலில் வேறுபாடு கிடையாது; நிறமும் உறையும் மாறலாம். ஆனால் விலங்குகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் மங்கல் ஒளியில் பார்க்க வேண்டியிருப்பதால் வேட்டைக்காரர் 80 மில்லிமீற்றர் வில்லையை விரும்புகிறார். காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுடன் திறந்த வெளியில் நிற்கப்போகும் உங்களுக்கு அத்தேவை அவ்வளவாக இல்லை. துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கி முற்றிலும் வேறு பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் விற்கப்படுவதால் தவறிப்போய் அதைத் தருவித்துவிட்டால், சுங்கத்தில் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இனிக் காற்றின் கதை. வெயில் பட்ட சேற்று வெளியும் உப்பு படிந்த தரையும் தம்மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஒளியைக் குறைவாக முறிப்பது. அது குமிழ் குமிழாக மேலெழுந்து குளிர்ந்த காற்றுடன் கலக்கும்போது, பறவையிலிருந்து வரும் ஒளி உங்கள் கண்ணை அடைவதற்குள் பல தடவை திசை மாறிவிடுகிறது. கானல் என்று நாம் சொல்வதன் ஒரு பக்கம் இது. ஸ்கோப் பறவையைப் பெருப்பிப்பது போலவே இந்த நடுக்கத்தையும் பெருப்பிக்கும். இருபது மடங்கில் சற்றே அலையும் கருவால் மூக்கன், அறுபது மடங்கில் தண்ணீருக்கடியில் கிடக்கும் சாம்பல் துணியாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வில்லையானாலும் இதற்கு மருந்தில்லை. பரிகாரங்கள் கருவிக்கு வெளியிலேயே உள்ளன: விடிந்த முதல் இரண்டு மணித்தியாலத்தைப் பயன்படுத்துவது, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது, சேற்றோடு ஒட்டி நில்லாமல் அணைக்கட்டு போன்ற சற்று உயர்ந்த இடத்திலிருந்து பார்ப்பது. புலம்பெயர் பறவைகள் நிறைந்திருக்கும் காலம் மாரியாகவே அமைந்துவிட்டது எமது அதிர்ஷ்டம். மழை பெய்து ஓய்ந்த மேகமூட்டமான மார்கழிக் காலையொன்றில் நாற்பது மடங்குக்கும் போய்ப் பார்க்கலாம். பங்குனியில் அப்படியொரு காலை கிடைப்பது அரிது.

முப்பது மடங்கு போதுமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். 600 மீற்றர் தொலைவில் நிற்கும் பறவை இருபது மடங்கில் 30 மீற்றரில் நிற்பது போலவும், முப்பது மடங்கில் 20 மீற்றரில் நிற்பது போலவும் தெரியும். பூநாரைக் கூட்டத்தை எண்ணுவதற்கும், ஊசிவால் வாத்துக்கு நடுவே நாமத்தலை வாத்தைப் பிரித்தறிவதற்கும் இது தாராளம். சிறிய மணல் உப்புக்கொத்தியையும் பெரிய மணல் உப்புக்கொத்தியையும் அலகின் நீளத்தைக் கொண்டு பிரிப்பதற்கும், காலில் மாட்டிய வளையத்தின் எழுத்துகளை வாசிப்பதற்கும் மட்டுமே நாற்பதுக்கு மேல் தேவைப்படும். அதையும் தொலைவிலிருந்து முயல்வதைவிட, பறவை மேய்ந்துகொண்டே கரைக்கு அருகில் வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பது பலன் தரும். பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. இவ்வகைக் கருவியில் 1000 மீற்றர் தொலைவில் இருபது மடங்கில் ஏறத்தாழ 35 மீற்றர் அகலம் தெரிந்தால், அறுபது மடங்கில் 17 மீற்றரளவே தெரியும். பத்து வயதுப் பிள்ளை அந்தச் சிறு வட்டத்துக்குள் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகள் பொறுமையிழந்து விடுவார்கள்.

ஒளியின் கணக்கும் இதையே சொல்கிறது. பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். பிரகாசமான பகலில் எமது கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கியிருக்கும். 65 மில்லிமீற்றர் வில்லை இருபது மடங்கில் 3.25 மில்லிமீற்றர் கற்றையைத் தருகிறது. 80 மில்லிமீற்றர் வில்லை தரும் 4 மில்லிமீற்றரில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். மறுபுறம் நீங்கள் குறிப்பிட்ட 25–75×70 கருவியை 75 மடங்கில் வைத்தால் கற்றை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உருவம் இருண்டும் கூர்மையிழந்தும் போகும். அத்தகைய மலிவுக் கருவி ஒன்றுடன்தான் நானும் தொடங்கினேன். இரண்டு பருவங்கள் அதைச் சுமந்து திரிந்தபோதும் உருப்பெருக்க வளையத்தை முப்பதுக்கு மேல் திருப்பிய நாள்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். மலிவானது என்பதில் பிழையில்லை. ஆனால் இருபத்தைந்து மடங்கில் தொடங்குவதால் முதலில் பறவையைக் கண்டுபிடிப்பதே பாடாக இருந்தது.

பார்வைத்துண்டு நேராக இருப்பதும் உண்டு, 45 பாகை சாய்ந்திருப்பதும் உண்டு. நேரானதைப் பறவையின் பக்கம் திருப்புவது எளிது. வாகன யன்னலிலிருந்து பார்ப்பவருக்கும் வசதி. ஆனால் வெவ்வேறு உயரமுள்ள மாணவர்கள் மாறிமாறிப் பார்க்கும்போது சாய்ந்ததே உதவும். மிகக் குட்டையான பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் முக்காலியை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் சற்றுக் குனிந்தே பார்த்துவிடலாம். முக்காலியைப் பணிவாக நிறுத்துவதால் காற்றும் அதை அதிகம் ஆட்டாது. சாய்ந்ததில் குறிபார்த்துத் திருப்புவது ஆரம்பத்தில் சிரமமாக இருக்கும். ஒரு வாரம் பழகினால் போய்விடும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர், பார்வைத்துண்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறது என்ற அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வட்டத்தின் விளிம்பு உங்களுக்கு வெட்டுப்படும். மலிவான கருவிகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது இந்த அளவு குறைந்துவிடுவதும் உண்டு. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே ஒளியைத் திருப்பும் அரியங்கள் பேக்-4 என்ற தரமான கண்ணாடியாலானவையாகவும், எல்லா வில்லைப் பரப்புகளும் பல அடுக்குப் பூச்சுள்ளவையாகவும், உடல் நைதரசன் நிரப்பி நீர் புகாமல் மூடப்பட்டதாகவும் இருக்கட்டும். ஈ.டி. கண்ணாடி என்பது வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகத் தெரியும் நிறப்பிறழ்ச்சியைக் குறைப்பதற்கானது. உங்கள் தொகைக்குள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

பெயர் கேட்பவர்களுக்காகச் சில வகைகள். செலஸ்ட்ரோன் நிறுவனத்தின் ட்ரெயில்சீக்கர் வரிசையிலும் வோர்டெக்ஸ் நிறுவனத்தின் டயமண்ட்பேக் வரிசையிலும் 16–48×65 என்ற அளவு உண்டு. எமது தேவைக்கு மிகப் பொருந்தும் அளவு அதுவே. கோவா நிறுவனத்தின் டி.எஸ்.என். 501 என்பது 20–40×50. சிறியது, அரைக் கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ளது. சைக்கிளில் போகிறவருக்கு அதையே சொல்வேன். நாணய மாற்று விகிதமும் அனுப்பும் செலவும் வரியும் சேரும்போது விலை எங்கே போய் நிற்கும் என்பதை வாங்கும் வாரத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முக்காலிக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். மலிவு ஸ்கோப்புடன் இலவசமாக வரும் ஒரு சாண் உயர மேசை முக்காலி, வகுப்பறை மேசையில் வைக்க மட்டுமே உதவும். வாடைக்காற்று பண்ணைப் பாலத்திலோ சங்குப்பிட்டியிலோ வீசத் தொடங்கினால் கைபேசிக்கென விற்கப்படும் மெலிந்த முக்காலி தந்தியைப் போல அதிரும். அந்த அதிர்வு முப்பது மடங்காகப் பெருகிக் கண்ணுக்கு வரும். காற்று ஒன்று சாய்த்துவிட்ட முக்காலியோடு சேர்ந்து என்னுடைய முதல் ஸ்கோப்பும் கல்லில் விழுந்தது. ஆகவே இரண்டு கிலோகிராமளவு எடையுள்ள, நான்கு, ஐந்து கிலோகிராமைத் தாங்கக்கூடிய அலுமினிய முக்காலியையும், நீண்ட கைபிடியுடன் மெதுவாகத் திரும்பும் வீடியோத் தலையையும் வாங்குங்கள். கலியாண வீடுகளில் படமெடுப்பவர்கள் பழைய வீடியோ முக்காலிகளை விற்பதுண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள படப்பிடிப்பு நிலையங்களில் விசாரித்தால் பாதிப் பணத்துக்கு நல்லதொன்று அகப்படலாம். நடுத்தண்டை உயர்த்தாமல், தடித்த மேற்கால்களை முதலில் நீட்டி, மணல் நிரப்பிய பையொன்றை நடுவில் தொங்கவிட்டால் காற்றுக்குப் பெரிதும் ஈடுகொடுக்கும். வாகனத்தின் மறைவில் நிலத்தில் அமர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. அறுபத்தைந்தாயிரம் ஸ்கோப்புக்கு, இருபத்தைந்தாயிரம் முக்காலிக்கு, எஞ்சியது கைபேசியைப் பார்வைத்துண்டில் பொருத்தும் பிடிக்கும் உறைக்கும் என்று நான் பிரிப்பேன். கைபேசிப் பிடியை ஆடம்பரமென்று எண்ண வேண்டாம். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம், பதிவுக்குப் படமும் கிடைக்கும்.

கனடாவிலோ இலண்டனிலோ இருந்து வரும் உறவினர் மூலம் தருவிப்பதே எம்மவர் வழக்கம். அப்படியானால் பாவித்த நல்ல கருவியொன்றைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே விலைக்குப் புதிய மலிவுக் கருவியைவிடப் பழைய தரமான கருவி பல வேளைகளில் தெளிவாக இருக்கும். வில்லைக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே பெற்ற உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். கடையில் நேரில் வாங்குவதாயின் கண்ணாடிக் கதவினூடாகப் பார்க்காமல் வீதிக்குக் கொண்டுவந்து, நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள பெயர்ப்பலகையின் சிறிய எழுத்துகளை முப்பது மடங்கில் வாசியுங்கள். வானத்தின் பின்னணியில் தெரியும் அன்ரனாக் கம்பியின் ஓரத்தில் நிறக்கோடு எவ்வளவு என்று பாருங்கள். குவிய வளையம் தளர்வின்றி மென்மையாகத் திரும்ப வேண்டும்.

பராமரிப்பில் எமது பகைவன் உப்பு. களத்திலிருந்து வந்ததும் சாரத்தின் தலைப்பால் வில்லையைத் துடைக்கக் கூடாது. உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றூதும் குமிழால் தூசியை அகற்றி, நீர் புகாத கருவியாயின் நன்னீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி, பின்னர் உலர்ந்த துணியால் துடையுங்கள். முக்காலியின் கால்களையும் நன்னீரில் கழுவுங்கள். சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்காது.

பிள்ளைகளுடன் போவதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்கோப்பினூடாகச் சூரியனைப் பார்த்தால் ஒரு கணத்தில் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படும். மாலையில் நீர்மட்டத்துக்கு அருகே சூரியன் இறங்கும்போது, பறந்து செல்லும் கூட்டத்தைத் தொடரும் பிள்ளை தன்னையறியாமலே அந்தப் பக்கம் திருப்பிவிடும். எனவே மாலை அமர்வுகளில் மேற்குப் பக்கம் திருப்புவதைத் தடை செய்யுங்கள்.

நிறுத்தும் இடத்தையும் யோசித்தே தெரிவு செய்யுங்கள். கரையோரத்தில் கடற்படை, இராணுவ முகாம்களின் திசைக்குக் குழாயைத் திருப்புவதோ அவற்றின் அருகே முக்காலியை விரிப்பதோ வீண் விசாரணைக்கு இடங்கொடுக்கும். பாடசாலையின் கடிதமொன்றைக் கையில் வைத்திருங்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட சுண்டிக்குளத்துக்குப் போவதாயின் வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். முதல் பயணத்துக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. உங்களுக்கு அருகிலுள்ள சரசாலை வெளியில், மழை ஓய்ந்த காலையொன்றில், இருபது மடங்கில் தொடங்குங்கள்.