புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் வைத்திருக்க எந்தக் கேன் நல்லது? ஊற்றும்போது சிந்தாமல் இருக்க என்ன செய்வது?

ஐந்து லிட்டர் கேன். அதற்கு மேல் வேண்டாம். பதில் அவ்வளவுதான், மீதியெல்லாம் என் சொந்தக் கதை. அவசரக்காரர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம்.

நீங்கள் புதிதாக இயந்திரம் வாங்கியிருக்கிறீர்கள், பக்கத்திலேயே பெரிய கேன் ஒன்றையும் பார்த்துவைத்திருக்கிறீர்கள், அடிக்கடி பங்க்குக்கு அலைய வேண்டாமே என்று ஆசை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்குத் தூபம் போட்டவன் என் மைத்துனன். "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், இருபது லிட்டராகவே வாங்கிவிடுங்கள் அத்தான்" என்றான். வாங்கினேன்.

இருபது லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய காரியமில்லை, நானும் நடந்து காட்டினேன். தொட்டியில் ஊற்றும்போதுதான் வினை. என் இயந்திரத்தின் தொட்டி ஒரு லிட்டர்தான் கொள்ளும். அதன் வாய் இரண்டு விரல் அகலம். இரண்டு கைகளும் கேனைப் பிடிக்கவே போதவில்லை. வயிற்றால் முட்டுக்கொடுத்துச் சாய்த்தால் கேனே தொட்டி வாயை மறைத்துக்கொள்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதுபோல்தான்.

சம்பவம் நடந்த அன்று காலையிலிருந்து கேன் வெயிலில் கிடந்தது. பாதிப் புல்லை வெட்டியிருந்தபோது பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றது. அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எஞ்சின் ஆறும்வரை நான் காத்திருக்கவில்லை. கேனின் இரண்டு பக்கங்களும் உப்பியிருந்ததையும் கவனிக்கவில்லை. அப்படியே தூக்கிச் சாய்த்து, மூக்கின் மூடியைக் கட்டைவிரலால் நெம்பினேன். புஸ் என்று ஒரு சீற்றம். பெட்ரோல் தொட்டியைத் தாண்டிப் பீய்ச்சி, இயந்திரத்தின் மேல்தகட்டில் ஓடி, நேராகச் சைலன்சர் மேல் வழிந்தது. சுர்ரென்று சத்தம், கொஞ்சம் வெண்புகை. நான் கேனைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அதை அணைத்துக்கொண்டு நின்றேன்.

தீப்பிடிக்கவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு. சூடான சைலன்சர் அருகே அதைச் சிந்திவிட்டு முழுதாக வீட்டுக்குள் போனவன் நான். அந்த இடத்துப் புல் மட்டும் நான்கே நாளில் வெந்த கீரைபோல் சுருண்டு பழுத்துவிட்டது. எங்கே சிந்தினேன் என்பதற்கு மாதக்கணக்கில் அதுதான் சாட்சி.

ஊற்றத் தெரியாதவன் கேனைக் குறை சொல்கிறான் என்று சிலர் எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அவசரம் என்னுடையதுதான். ஆனால் ஒரு கையால் பிடிக்க முடிகிற கேனாக இருந்திருந்தால், கீழே வைத்து மூடியைப் பாதித் திருகு திருகி, அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டு ஊற்றியிருப்பேன். இப்போது அப்படித்தான் செய்கிறேன். மின்கலத்தில் ஓடும் இயந்திரத்தை வாங்கு என்று அறிவுரை சொல்லக் காத்திருப்பவர்களுக்கும் வணக்கம். கேட்டவர் கேனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

கேன் உப்புவது அதன் குற்றமில்லை. 10 பாகை சூடேறினால் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு சதவீதம் பெருகும், ஆவியின் அழுத்தம் வேறு சேரும். அதனால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். இருபதில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பங்க்கில் நிரப்பும்போது கேனை வண்டிக்குள் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள், பம்பின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். நிலை மின்சாரத்தில் ஒரு பொறி கிளம்பினால் போதும், காரியம் கெட்டுவிடும். பெட்ரோலுக்கென்றே செய்த தடித்த பிளாஸ்டிக் கேனாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டில் யாராவது தாகத்தில் எடுத்து வாயில் வைத்தால் என்ன செய்வார்கள்?

ஊற்றும்போது குபுக் குபுக்கென்று துள்ளுகிறதே, சிந்துவதில் பாதி அதனால்தான். பெட்ரோல் வெளியே வர, அதே வழியில் காற்று உள்ளே போக முட்டி மோதுகிறது. வாய் ஓரமாக இருக்கும் கேனை, வாய் கீழ்ப்பக்கம் வராமல் மேல்பக்கம் இருக்கும்படி பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். காற்றுக்கு வழி கிடைத்து, தாரை நூல்போல் இறங்கும். அழுத்தினால் மட்டும் திறக்கும் ஸ்பிரிங் மூக்கு நல்லதுதான், ஆனால் தொட்டியின் விளிம்பில் பதித்து அழுத்த இடம் வேண்டும். சின்னக் கைக்கருவிகளில் அதற்கு இடம் இருக்காது. அவற்றுக்குப் புனலே போதும்.

ஐந்து லிட்டரில் இன்னொரு வசதி, கணக்கு. பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் கருவிக்கு 50க்கு 1 என்று கலக்கச் சொல்லியிருந்தால், 5 லிட்டருக்கு 100 மில்லி. அந்தக் கலவைக்குத் தனிக் கேன் வைத்து, மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் கலக்காத பெட்ரோலை அந்தக் கருவியில் ஊற்றினால் எஞ்சின் இறுகிப்போகும். இது என் அனுபவம் இல்லை, மைத்துனனின் அனுபவம். கருவி மட்டும் என்னுடையது. என் அலுமினிய ஏணியையும் அவன்தான் கொண்டுபோனான், திரும்பி வந்தபோது மூன்றாவது படி வளைந்திருந்தது, கேட்டால் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்கிறான். இரவல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் பொருள்கள் ஏன் உடைந்தே கிடைக்கின்றன என்று தனியாக ஒரு கேள்வி போட வேண்டும்.

அந்த இருபது லிட்டர் தீரவும் இல்லை. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல், எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேர்ந்தது. பங்க்குக்கு அலைவதை மிச்சம்பிடித்த லட்சணம் இது.

சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளாதீர்கள். உலர்ந்த மணலைக் கொட்டி உறிஞ்ச விடுங்கள். இயந்திரத்தைச் சில மீட்டர் தள்ளிக்கொண்டுபோய், ஈரம் காய்ந்த பிறகு இயக்குங்கள். கேனை வைக்கும் அறையில் கேஸ் ஹீட்டரோ வேறு நெருப்போ இருக்கக்கூடாது, ஏனென்றால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அங்கே போய்ச் சேரும். சட்டையில் பட்டிருந்தால் வாஷிங் மெஷினில் போடாமல் வெளியே திறந்த வெளியில் உலர்த்துங்கள். நான் அன்று போட்டிருந்த சட்டை மூன்று நாள் கொடியில் கிடந்தும் வாடை போகவில்லை.