பின்னேரத்து யானைகள்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் திருகோணமலைப் பயணம் பற்றி எழுதும்போது, "பொழுது சாயும் நேரத்தில் மின்னேரியாக் குளத்தடியில் ஒருமுறையாவது நிற்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியால்தான் இந்தக் கடிதம்.

நான் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குச் செக்கல் என்றாலே யானைதான். விளக்கு வைத்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, வளவுக்குள் நெருப்பு மூட்டி, யானை வெடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட இருப்போம். பெரியப்பா வீட்டுச் சுவரை நெல்மூட்டைக்காக இரண்டு தடவை யானை உடைத்திருக்கிறது. இப்போது கனடாவிலிருந்து வரும் தங்கை குடும்பம், மின்னேரியாப் பூங்காவில் பின்னேர சஃபாரி போக வேண்டும், நானும் வந்தே ஆக வேண்டும் என்று நிற்கிறது. காசு கொடுத்து, அதுவும் பொழுது படுகிற நேரமாய்ப் பார்த்து யானையிடம் போவதில் அப்படி என்னதான் இருக்கிறது? காலையில் போனால் ஆகாதா? கோபத்தில் கேட்கவில்லை அண்ணா, உண்மையாகவே விளங்கவில்லை.

க., மட்டக்களப்பு

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது. உடனே எழுத வரவில்லை. அந்த வரியை எழுதியபோது, அதே நேரத்தில் வளவுக்குள் நெருப்பு மூட்டிக்கொண்டிருப்பவர்கள் என் நினைவில் இல்லை. இருந்திருக்க வேண்டும். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரை என்பதால்தான் உங்கள் ஊருக்குப் படுவான்கரை என்று பெயர். அந்த ஊர்க்காரி ஒருத்தி அந்திப்பொழுதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஏனோதானோவென்று பதில் சொல்லக் கூடாது.

முதலில் சுலபமான கேள்வி. யாலவுக்கோ வில்பத்துவுக்கோ போவதென்றால், விடியற்காலையிலேயே பூங்கா வாசலில் போய் நில்லுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். சிறுத்தையும் கரடியும் பார்க்க அதுவும் நல்ல நேரம். மின்னேரியாவில் கதை வேறு. அங்கே பார்க்கப் போவது யானையை. யானைக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. சூட்டை வெளியே விட அதற்குப் பெரிய துணை அந்த இரண்டு காதுகளும்தான். ஆகவே, உச்சிவெயிலில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்குள், நிழலில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். வெயில் தணியத் தணியத்தான் வெளியே வரும். மூன்று மணிக்குக் குளத்தடியில் ஒரு யானைகூட இல்லாமல் இருக்கும். நாலரைக்குப் பார்த்தால் காட்டோரத்தில் கறுப்பாய் ஒரு கோடு. ஐந்தரைக்கு அந்தக் கோடு நூறு யானையாகிக் குளத்துக்குள் பரவியிருக்கும். அந்த நேரத்தைக் குறித்தது யானைதான். அந்திச் சூரியன் தற்செயலாக அங்கே வந்து சேர்ந்துகொள்கிறது.

குளத்துக்குள் என்று சொன்னேன், அதை விளக்க வேண்டும். மின்னேரியாக் குளம் மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. அவனை இன்றும் மின்னேரித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அம்பன் கங்கையின் தண்ணீர் எலஹெரக் கால்வாய் வழியாக அந்தக் குளத்துக்கு வருகிறது. சிறுபோகத்துக்கு வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடத் திறந்துவிட, குளம் கரையிலிருந்து உள்ளே ஒதுங்கும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கிடந்த நிலம் வெளியே வரும். வந்த சில நாளிலேயே அதில் பச்சைப் புல் முளைக்கும். சுற்றியுள்ள உலர்வலயக் காடெல்லாம் காய்ந்து சருகாய்க் கிடக்கிற ஆவணி, புரட்டாசியில் பச்சை என்று சொல்ல இந்த ஓர் இடம்தான். குடிக்கத் தண்ணீர், தின்ன இளம்புல், ஒதுங்கப் பக்கத்திலேயே காடு. யூலையிலிருந்து ஒக்டோபர் வரை சுற்றுவட்டாரத்து யானைக் கூட்டங்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். நல்ல வருடத்தில் இருநூறு, முந்நூறு யானைகள் வரை ஒரே பின்னேரத்தில் கண்டிருக்கிறார்கள். ஆசிய யானைகள் இப்படி ஓரிடத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் கூடுவது உலகத்திலேயே அபூர்வம்.

யோசித்துப் பாருங்கள், நெல்லுக்காக மனிதன் கட்டிய குளம் நெல்லுக்காகவே வற்றும்போது யானைக்குச் சோறு போடுகிறது. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன் கட்டிய குளம் செய்கிற வேலை இது.

இனி, அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கும் முதலில் யானை என்றால் பயம்தான். சின்ன வயதில் ஓர் இரவு, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் நாங்கள் வந்த பஸ்ஸை ஒரு தனியன் யானை மறித்தது. சாரதி விளக்கை அணைத்து, பிறகு போட்டு, மெல்லப் பின்னால் எடுத்தார். உள்ளே ஒருவரும் மூச்சுவிடவில்லை. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு காலும் பாதித் தும்பிக்கையும் மட்டும்தான் தெரிந்தன. அதற்குப் பிறகு பல வருடம் யானை என்றால் எனக்கு அந்தப் பாதித் தும்பிக்கைதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முழு யானையை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? இருட்டில் ஓர் அசைவு, வாழை முறிகிற சத்தம், நாயின் குரைப்பு, காலையில் சேற்றில் ஒரு சுவடு. பயந்தவர்களுக்கு யானை துண்டு துண்டாகத்தான் தெரியும். அந்த யானையும் உங்களைக் கண்டு பயந்துபோய்த்தான் நிற்கும். வெடியும் வெளிச்சமும் கூச்சலுமாய்த்தானே அதற்கு மனிதனைத் தெரியும்.

மின்னேரியாவில் முதல்முறை நின்றபோது எனக்கு நடந்தது இதுதான். எங்கள் ஜீப்பின் சாரதி வயதான சிங்களவர். மற்ற ஜீப்புகள் போன பக்கம் போகாமல், ஒரு மேட்டில் தள்ளி நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கூட்டம் எங்களைக் கடந்து புல்லுக்கு வந்தது. பன்னிரண்டு உருப்படி இருக்கும். எல்லாம் பெண்களும் குட்டிகளும். எங்களை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

மிகக் கிட்டத்தில் நின்ற ஒரு தாய் புல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புல் குட்டை. தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்க முடியாது. அதனால் முன்காலின் நகத்தால் மண்ணைச் செதுக்கிவிடுகிறது. உதைப்பதுபோல் மெல்ல மூன்று நாலு தட்டு. பெயர்ந்த புல்லைத் தும்பிக்கையால் கூட்டிக் குவித்து, ஒரு பிடியாய் எடுத்து, உடனே வாயில் போடாமல் முன்காலில் பட், பட் என்று அடிக்கிறது. மண் உதிர்ந்ததும் வாய்க்குள் போகிறது. எங்கள் அம்மா வேரோடு பிடுங்கிய கீரையைத் தட்டி மண் உதிர்ப்பது அப்படியேதான். பக்கத்தில் நின்ற குட்டி அதைப் பார்த்துத் தானும் காலால் செதுக்கியது. புல் பெயரவில்லை. அம்மாவின் வாயிலிருந்து ஒரு நுனியை இழுத்துத் தின்றது. மண் உதிர்க்கும் அந்தச் சத்தம், புல் அறுபடும் சத்தம், தூரத்தில் தண்ணீர்க் காகங்களின் இரைச்சல். வேறு ஒன்றுமில்லை. அரை மணித்தியாலம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு, என்னுடைய பாதித் தும்பிக்கை முழு யானையாகிவிட்டிருந்தது.

பயம் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிற ஒரு பொழுதில் யானையோடு இருப்பது. அங்கே கிடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அது ஓர் அழகான காட்சி. உங்களுக்கும் எனக்கும் அதைவிடப் பெரியது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை குடும்பம் படம் எடுக்கத்தான் அந்த நேரத்தைக் கேட்டிருப்பார்கள். சூரியன் தாழ்ந்ததும் அதன் கதிர் காற்றில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய்ச் செம்மை மட்டும் மிஞ்சும். யானைகள் முதுகில் வாரி இறைத்துக்கொள்ளும் புழுதி அந்தச் செம்மையில் தங்கப்பொடியாய்த் தெரியும். ஆனால் நம் நாட்டில் அந்தி நீளாது. ஆறே கால் வாக்கில் சூரியன் விழுந்தால் அரை மணிக்குள் மைம்மலும் போய்விடும். இருட்டுவதற்குள் வெளியேறியும் ஆக வேண்டும். அதனால் படம் எடுக்கும் வேலையை முதல் பத்து நிமிடத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காதுக்கும் வேலை இருக்கிறது. 1984-இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லாண்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது, சத்தம் எதுவும் கேட்காமல் காற்றில் ஓர் அதிர்வை மட்டும் உணர்ந்தார். மனிதக் காதுக்குக் கேட்காத தாழ்ந்த குரலில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. தரை குளிர்ந்து காற்று அடங்குகிற அந்தியில் அந்தக் குரல் பகலைவிட வெகுதூரம் போகும் என்று பிறகு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் கண்டார்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தின்பதை நிறுத்தி ஒரே திசையில் திரும்பும். நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் பெரியப்பாவின் சுவர். அதை மறந்துவிட்டு இதையெல்லாம் ரசியுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். மின்னேரியா யானை படுவான்கரைக்கு வருவதில்லை. ஆனால் காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2018-இல் அதே அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, உலர்காலத்திலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்து, புல் முளைக்க வேண்டிய நிலம் மூழ்கியே கிடந்த வருடங்கள் உண்டு. அந்த வருடங்களில் குட்டிகள் எலும்பு தெரிய மெலிந்திருந்ததை அங்கே யானைகளைத் தொடர்ந்து அவதானிக்கிறவர்கள் சொன்னார்கள். புல் இல்லாத யானை எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ அளவில் தின்ன வேண்டிய வயிறு அது. செக்கலில் வேலி உடைக்கிற யானையும் செக்கலில் குளத்தடிக்கு வருகிற யானையும் ஒரே பசியோடு, ஒரே நேரத்தில்தான் காட்டைவிட்டு இறங்குகின்றன. ஒன்றுக்குப் புல் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. தண்ணீர் திறக்கிற நாளை முடிவுசெய்கிறவர்கள் அந்தப் புல்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் காட்டுக்குள் யானைக்கென்று எவ்வளவு மேய்ச்சல் மிச்சம் இருக்கிறது என்று யாராவது பார்த்தாக வேண்டும்.

போவதென்றால் ஓகஸ்ட் கடைசியில் போங்கள். அந்த வருடம் குளம் இறங்கியிருக்கிறதா என்று ஹபரணையில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கவுடுல்லப் பூங்காவுக்குக் கொண்டுபோவார்கள். ஜீப்பில் ஏறும் முன்பே சாரதியிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தை மறிக்க வேண்டாம், மற்ற ஜீப்புகளுக்குள் நெருக்கிக்கொண்டு போக வேண்டாம். நாலு பக்கமும் ஜீப் சூழ்ந்து, குட்டியைக் காலுக்கிடையில் மறைத்துக்கொண்டு நின்ற ஒரு கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அது உங்கள் வளவுக்குள் மாட்டிக்கொண்ட யானையைப்போலவே நின்றது. தூரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, காத்திருந்தால் போதும். அவை வரும்.

முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ்வளவு வருடம் இருட்டில் யானையை அறிந்த மனிதர் அவர். வெளிச்சத்தில் அது புல்லைத் தட்டி மண் உதிர்ப்பதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா