பூடில் நாய்க்குக் காதுக்குப் பின்னால் விழும் சிக்கு

குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். தினமும் பிரஷ் போட்டும் குளித்ததும் காதுக்குப் பின்னால் முடி திரள்கிறது என்கிறீர்கள். பிரஷ் மேல்முடியை மட்டும் தடவிவிட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். அடியில் இருக்கும் சிக்கு நனைந்து காய்ந்தால் கம்பளி மாதிரி இறுகிவிடும்.

ஒன்று செய்து பாருங்கள். முடியைக் கையால் வகிர்ந்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து ஸ்டீல் சீப்பை நுனிவரை இழுங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் சிக்கு. அடிமுடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பிடிக்காமல் இழுத்தால் நாய்க்கு வலிக்கும், பாவம். அப்புறம், கழுத்துப்பட்டை உரசும் இடத்தையும் அக்குளையும் விட்டுவிடாதீர்கள்.

கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சிக்கோடு தோலும் தூக்கிக்கொண்டு வரும், வெட்டுப்பட்டுவிடும். தோலோடு ஒட்டிப்போன திரளை முடி வெட்டும் மெஷினான க்ளிப்பரால்தான் எடுக்க வேண்டும். அடியில் சிவப்போ நாற்றமோ இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.