நகையை அடகு வைத்து ரேஸ் எஞ்சினை டியூன் செய்யலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 165 சிசி ஓபன் பிரிவில் சொந்த பைக்கில் ஓட்டுகிறான். அவன் எடை 74 கிலோ, அது அவனுக்குப் பாதகமோ என்று தோன்றுகிறது. கம்பெனி அணிகளின் பைக்குகள் நேர்பாதையில் அவனை எளிதாகக் கடந்துவிடுகின்றன. இது நியாயமான போட்டியா? நகையை அடகு வைத்தாவது எஞ்சினை டியூன் செய்யலாமா, அல்லது புகார் கொடுக்கலாமா?

பதில்: நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

ஓபன் பிரிவு என்றாலே, விதி அனுமதிக்கும் எல்லைக்குள் யார் எவ்வளவு செலவழித்தாலும் செல்லும் என்று பொருள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை மட்டுமே விதிப்புத்தகம் வரையறுக்கும். அனைவருக்கும் ஒரே பைக் என்ற வாக்குறுதியை அது தருவதில்லை. உலகின் உச்ச பைக் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபியில் 2016 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதே மென்பொருளும்தான், டயரும் ஒரே நிறுவனத்துடையதுதான். அப்படியிருந்தும் 2024இல் நடந்த 20 கிராண்ட் பிரீ பந்தயங்களில் 19ஐ இத்தாலிய பைக் நிறுவனமான டுகாட்டி வென்றது. ஓரிடத்தில் கதவை அடைத்தால் பணமும் மூளையும் விதி பேசாத வேறோர் இடத்தைத் தேடிப் போகின்றன. 2019 கத்தார் பந்தயத்தில் டுகாட்டியின் பின்சக்கரத்துக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்த சிறிய தகட்டை எதிர்த்து நான்கு நிறுவனங்கள் முறையிட்டன. மேல்முறையீட்டிலும் டுகாட்டியின் வெற்றி செல்லும் என்றே தீர்ப்பானது. ஆகவே எதிராளி வேகமாகப் போகிறார் என்பது மட்டும் புகாருக்குக் காரணமாகாது. எந்தப் பாகம் எந்த விதியை மீறுகிறது என்று எழுத்தில் சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டுமே, முடிவு அறிவித்தபின் குறித்த நேரத்துக்குள் கட்டணத்துடன் முறையிடுங்கள்.

எடை விஷயத்தில் உங்கள் ஆதங்கம் சரியானதே. வடசென்னையில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு எடைப்பிரிவின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மோட்டோ ஜிபிக்குக் கீழே உள்ள மோட்டோ2, மோட்டோ3 பிரிவுகள் இரண்டிலும் பைக்கையும் ஓட்டுநரையும் சேர்த்தே குறைந்தபட்ச எடை வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு எதிரே 56 கிலோ பையன் ஒருவன் ஓட்டுகிறான் என்றும், இருவரின் பைக்கும் 130 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 204, 186. உங்கள் மகன் அதே வேகத்தில் முடுக்கம் பெற ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். 16 குதிரைத்திறன் எஞ்சினில் அது ஒன்றரைக்கு மேல். டியூனிங்கில் அவ்வளவையும் பிழிந்தெடுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் பிஸ்டனைத்தான் இழக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு வளைவிலிருந்து வெளியேறி வேகம் எடுக்கும் தருணத்துக்கே பொருந்தும். உச்ச வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றின் எதிர்ப்பு. அங்கே எடையைவிட, அவன் டேங்க்மீது எவ்வளவு தாழ்ந்து படுக்கிறான் என்பதே முக்கியம்.

கையிலேயே லேத் இருப்பதால் சக்தி கூட சிலிண்டர் ஹெட்டைக் கொஞ்சம் சீவினால் என்ன என்று தோன்றும். விதியில் அனுமதி இல்லையென்றால் வேண்டாம். பரிசோதனைக் கொட்டகையில் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரியறைக்குள் விட்டு அதன் கொள்ளளவைப் பார்ப்பார்கள். நீங்கள் சீவிய அரை மில்லிமீட்டர் அங்கே தெரிந்துவிடும். 2020இல் மோட்டோ ஜிபியில் யமஹா விதிக்கு மாறான வால்வுகளைப் பயன்படுத்தியதற்காக நிறுவனத்தின் புள்ளிகளும் அணிகளின் புள்ளிகளும் மட்டுமே பறிக்கப்பட்டன, ஓட்டுநர்களின் புள்ளிகளில் கை வைக்கவில்லை. (அது நியாயமா என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.) தனியாக ஓட்டும் பையனுக்கு அப்படி ஒரு கேடயம் கிடையாது. பரிசோதனையில் பைக் தோற்றால் அவனும் தோற்றான்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த பயிற்சி நாளில், பிரதான நேர்பாதைக்கு முந்தைய வளைவு முடியும் இடத்தையும் அதற்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தையும் நேர்பாதையின் இறுதியையும் மூன்று அடையாளங்களாக வைத்து, உங்கள் மகனுக்கும் அவனைக் கடந்து போகிறவருக்கும் ஸ்டாப் வாட்சில் பத்துச் சுற்றுகளுக்கு நேரம் எடுத்து எழுதுங்கள். முதல் இரண்டு அடையாளங்களுக்கு இடையிலான நேரம் வெளியேறும் வேகத்தைக் காட்டும். வளைவை விட்டு வெளியேறும்போதே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் குறைவாக வந்தால், அந்தக் குறை நேர்பாதையின் பெரும்பகுதி வரை கூடவே வரும். பார்ப்பவர்களுக்கு எஞ்சின் மந்தம்போலத் தெரியும். அதற்கு மருந்து நல்ல டயரும் கூடுதல் பயிற்சியும். வெளியேறும் வேகம் சமமாக இருந்தும் நேர்பாதை முடிவதற்குள் எஞ்சின் சுழற்சி வரம்பைத் தொட்டுத் திணறினால், பின் ஸ்ப்ராக்கெட்டில் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். கடைசிக் கியரில் சக்தி ஏறவே மறுத்தால் ஒரு பல் கூட்டுங்கள். எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

இவ்வளவும் செய்தபின் குறை எஞ்சினில்தான் என்று உறுதியானாலும், அடுத்த சீசனில் அவனை எல்லோரும் ஒரே மாதிரி பைக்கில் ஓட்டும் ஒரு ஒன்-மேக் போட்டியின் தேர்வுக்கு அனுப்பவே நான் சொல்வேன். அங்கே பைக்கை அமைப்பாளர்களே தயார் செய்து தருவார்கள். நீங்கள் ஸ்பேனரைத் தொட முடியாமல் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். பட்டறைக்காரருக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான்.