1794 வெள்ளி டாலர்: முதலில் விளிம்பைப் பாருங்கள்

அமெரிக்கா அடித்த முதல் வெள்ளி டாலர் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சார், படத்தில் இரண்டு பக்கமும் தேடிவிட்டேன். மதிப்பே காணோம். இது ஒரு டாலர்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: மதிப்பு விளிம்பில் இருக்கிறது. முகப்பில் கூந்தலை விரித்த சுதந்திர தேவி, மேலே 'லிபர்ட்டி', சுற்றி நட்சத்திரங்கள், கீழே ஆண்டு. பின்புறம் இலை வளையத்துக்குள் பாறைமேல் நிற்கும் கழுகு, நாட்டின் பெயர். அவ்வளவுதான். விளிம்பைத் திருப்பினால் 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்று ஓடும், சொற்களுக்கு நடுவே சிறு அலங்காரங்களோடு. வெள்ளியை எடைக்கு எடை மதித்த காலம் அது. விளிம்பைச் சுரண்டினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

முகம் அடிக்கும் முன்பே, வெற்று வில்லையை (உருவம் பதிக்காத வட்டத் தகட்டை) இரண்டு நேர்ச் சட்டங்களுக்கு நடுவே உருட்டி இந்த எழுத்தைப் பதித்தார்கள். ஒரு சட்டத்தில் பாதி வாசகம், மற்றதில் மீதி. உருட்டல் கொஞ்சம் கூடினால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், குறைந்தால் இடைவெளி விழும். முகப்பை மேலே வைத்துப் பார்க்கும்போது எழுத்து நேராகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். இதெல்லாம் குறையல்ல. பழைய இந்திய வெள்ளி ரூபாயைப் போல விளிம்பில் வரிவரியாகக் கோடு இருந்தால் அத்தோடு கதை முடிந்தது, அது போலி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நகல்கள் பலவும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: 13 மாநிலங்கள்தானே சேர்ந்து நாடானது? நட்சத்திரம் 15 இருக்கிறதே?

பதில்: 1791இல் வெர்மான்ட், 1792இல் கென்டக்கி சேர்ந்துவிட்டன. இடப்பக்கம் 8, வலப்பக்கம் 7.

கேள்வி: நல்ல நிலை என்று சொல்லப்படும் காசிலும் இடப்பக்க நட்சத்திரங்களும் ஆண்டின் ஒரு பகுதியும் மங்கலாகவே இருக்கின்றன. தேய்மானமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிலடெல்பியா நாணயச்சாலையில் அப்போது இருந்த திருகு அழுத்தி (திருகைச் சுழற்றிக் காசு அடிக்கும் இயந்திரம்) சிறிய காசுகளுக்கானது. 39 முதல் 40 மி.மீ. அகலமுள்ள வில்லைக்கு அதன் பலம் போதவில்லை. அச்சுகள் இரண்டும் சரியான இணைநிலையிலும் இல்லை. அதனால் ஒரு ஓரம் முழுமையாகப் பதியவே இல்லை. 1794 அக்டோபர் 15 அன்று 1,758 காசுகளை ஒப்படைத்ததோடு டாலர் அடிப்பது நின்றது. பெரிய அழுத்தி வந்தபின் 1795 மே மாதம்தான் திரும்பத் தொடங்கியது.

பிரித்தறியும் வழி இது. காசை மேலிருந்து கீழாகப் புரட்டுங்கள். முகப்பின் இடது கீழ் ஓரம் மங்கல் என்றால், பின்புறத்தின் இடது மேல் ஓரமும் மங்கலாக இருக்க வேண்டும். நாட்டின் பெயரில் முதலிரண்டு சொற்கள் வரும் பக்கம் அது. மங்கலுக்குக் காரணம் வலுவற்ற அடி என்றால் இரண்டு முகத்திலும் ஒரே இடத்தில் தெரியும். தேய்மானம் அப்படி ஓரமாகத் தொடங்காது. காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், கழுகின் மார்பு என்று மேடான இடங்களைத்தான் முதலில் தின்னும்.

கேள்வி: அண்ணா, ஒரு 1795 டாலரின் மேல் அரத்தால் ராவிய மாதிரி இணைகோடுகள். யாரோ கெடுத்துவிட்டார்களா?

பதில்: ராவியது நாணயச்சாலையேதான். எடை கூடிய வில்லையை அரம் போட்டு 416 கிரெயினுக்கு, அதாவது 26.96 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். அடி நன்றாக விழுந்த இடத்தில் கோடு அழிந்திருக்கும், அடி குறைந்த இடத்தில் தங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அடிக்கு முந்தைய கோட்டின் கரைகள் அமுங்கி மழுங்கியிருக்கும். பின்னால் விழுந்த கீறல் என்றால் கரையில் பிசிறு தூக்கி நிற்கும், மேடான உருவத்தையும் வெட்டிக்கொண்டு போகும்.

எடை குறைந்த வில்லைக்கு வேறு வைத்தியம். நடுவில் ஓட்டை போட்டு, வெள்ளித் துண்டு ஒன்றைச் செருகி, அதோடு சேர்த்து அடித்துவிடுவார்கள். முகப்பின் நடுவிலும் கழுகின் மார்பிலும் சுமார் 8 மி.மீ. வட்டம் மங்கலாகத் தெரியும். 1795 காசுகளில் இப்படிப் பல உண்டு. 1794இல் அறியப்பட்டது ஒன்றே ஒன்று. அதுதான் 2013 ஜனவரி ஏலத்தில் 1,00,16,875 டாலருக்குப் போனது.

கேள்வி: அப்படியென்றால் மேல் விளிம்புக்கு அருகே ஓட்டை அடைத்த காசையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது சங்கிலியில் கோத்துப் போட்ட ஓட்டை. பின்னால் அடைத்து, அழிந்த எழுத்தைச் செதுக்கியிருப்பார்கள். நாணயச்சாலைத் துண்டின் மேல் உருவம் தடையில்லாமல் ஓடும். பழுது பார்த்த இடத்தில் எழுத்தின் பாணி மாறும், நிறமும் மாறும். விலை பல மடங்கு சரியும்.

கேள்வி: நகைக்கடை காரட் மீட்டரில் வெள்ளி 90 சதவீதம் காட்டுகிறது. சட்டப்படி 89.24 தானே?

பதில்: சட்டம் அப்படித்தான் சொன்னது. 1792 நாணயச் சட்டத்தில் 416 கிரெயினில் தூய வெள்ளி 371.25. ஆனால் நாணயச்சாலையில் வெள்ளியின் தூய்மையைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர் ஆல்பியன் காக்ஸ், அந்தக் கலவையில் காசு கறுக்கும் என்று சொல்லி 90 சதவீதம் வைத்தார். சட்டத்தை மாற்றாமலே! காசுக்கு 3.15 கிரெயின் வெள்ளி கூடுதலாகப் போனது. நட்டம் வெள்ளி கொண்டுவந்து கொடுத்தவர்கள் தலையில் விழுந்தது. ஆகவே 90 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மீட்டர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முலாம் பூசிய போலியும் தேறிவிடும்.

கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் முதலில் எடை. பிறகு பாதி டம்ளர் தண்ணீரை அதே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். காசின் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. தராசு சுமார் 2.6 கிராம் காட்டினால் அடர்த்தி 10.3, வெள்ளிக்குச் சரி. செம்பு–நிக்கல் கலவை அதே எடையில் 3 கிராமுக்கு மேல் காட்டும், துத்தநாகக் கலவை 3.8ஐ ஒட்டி வரும். தவறு நடப்பது காற்றுக் குமிழியால்தான். எழுத்து இடுக்கில் ஒட்டிய குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். மெல்ல அசைத்துப் போக்குங்கள்.

இதில் தேறினால் காசு வெள்ளி என்று மட்டும்தான் பொருள். இன்றைய வெள்ளியில் அடித்த போலியும் இதில் தேறும்.

கேள்வி: 1795ஐ 1794 ஆக மாற்றிச் செதுக்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி. 1794 டாலர் அத்தனையும் ஒரே ஜோடி அச்சில் அடித்தவை. எழுத்தின் இடம், நட்சத்திரத்தின் சாய்வு, இலையின் நுனி எல்லாம் உண்மையான காசுகளில் ஒன்றுபோலவே இருக்கும். 1795க்குப் பல அச்சுகள். கழுகின் சிறகுக்குக் கீழே இரண்டு இலை ஒரு வகை, மூன்று இலை இன்னொரு வகை. எனவே '4' எவ்வளவு அழகாக இருந்தாலும், உறுதிசெய்யப்பட்ட காசின் பெரிய படத்தோடு பின்புறத்தை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். செதுக்குபவன் கை எண்ணோடு நின்றுவிடும். கழுகையும் இலைவளையத்தையும் அவனால் நகர்த்த முடியாது.

கேள்வி: கறுத்திருக்கிறது. புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: குத்துவிளக்குக்குப் போடுங்கள். காசை விளிம்பில் பிடித்து, பி.வி.சி. கலக்காத உறையில் அப்படியே வையுங்கள்.